எங்கள் வார்டின் ஸ்பானிஷ் சொல்

நான் ஓட்டிய ஜீப்பின் பின்சீட்டில் எப்போதும் ரத்தக்கறை இருந்தது. சோடா உப்பு போட்டும் சீயக்காய் போட்டும் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் அரக்குச் சிவப்பில் ரெக்சின் உறை ஒன்று தைத்துப் போட்டுவிட்டோம். அறுபதுகளின் கடைசி அது. பொம்மிடி ரயிலடியிலிருந்து அரூர் பக்கம் போகிற மண்சாலையில் எங்கள் ஊர். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடியானவக் குடும்பங்கள். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி, அதற்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு நான் டிரைவர்.

மழை பொய்த்த வருஷங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மனிதர்களுக்குக் கை ஓங்கியது. மடையைத் திறந்துவிட்டான் என்று மண்வெட்டியால் தோளைப் பிளந்த ஆளையும், பிளக்கப்பட்டவனையும் ஒரே ஜீப்பில் ஏற்றி வந்திருக்கிறேன். ஆடு வரப்பு தாண்டியதற்காகக் கொடுவாள் வெட்டு வாங்கிய ஒருவர், துண்டான விரல்களைப் புகையிலைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "அவன் ஒண்ணும் கெட்டவன் இல்லீங்க தம்பி. அவன் கையில கொடுவா இருந்த நேரமாப் பாத்து நான் போயி நின்னுட்டேன்" என்றார். அந்த மாதிரிப் பேச்சுகளை நான் விடுவதில்லை. படித்தது அஞ்சாம் வகுப்புதான். மிச்சமெல்லாம் ஜனங்களின் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஆண்கள் அடிபட்டால் அடித்தவன் பேரையும் அவன் பாட்டன் பேரையும் சேர்த்துச் சொல்லுவார்கள். பெண்கள் சொல்ல மாட்டார்கள். "கெணத்துப் படியில வழுக்கிட்டேன்." "கதவு நெலையில இடிச்சிக்கிட்டேன்." "மாடு முட்டிட்டுது." எங்கள் ஊர் மாடுகள் அந்தப் பெண்கள் சொன்ன அளவுக்கு முட்டியிருந்தால் ஒரு மாட்டையும் வூட்டில் கட்டியிருக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் சந்தைக்கு ஓட்டியிருப்பார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் என் அக்காவும் ஒருத்தி. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவை அடுத்த தெருவிலேயே கொடுத்திருந்தோம். அவள் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் எல்லோருக்கும் வேண்டிய ஆள் அவர். திருவிழாவில் தேர் தூக்கும்போது முன்கொம்பு அவர் தோளில்தான் ஏறும். சாவு வீட்டில் முதல் ஆளாக நின்று குழி வெட்டுவார். வூட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வேறு ஆள். அக்காவுக்கு இடது காது கேட்காது. முன்பல் ஒன்று கிடையாது. ஒடிந்த மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. வயிற்றில் தங்கிய பிள்ளையும் ஓர் உதையில் கலைந்துபோனது.

ஒருநாள் டீக்கடையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு மாமா என்னிடம் சொன்னார்: "மாப்ள, அடுத்த வாட்டி உங்கக்காளக் காணோம்னா ஆஸ்பத்திரியில தேடாத. கெணத்துல எட்டிப் பாரு."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. இந்த ஆள் ஒருநாள் கொன்றுவிடுவார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அக்காவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அடிதடி எதுவானாலும் கோயிலில் மெழுகுத்திரி வைத்து முடிப்பார்கள். அடித்தவர் மாதா சுரூபத்தின் முன்னால் திரியை ஏற்ற வேண்டும். அடிபட்டவர் அதை ஊதி அணைக்க வேண்டும். அடிபட்டவர் பக்கத்து ஆள் ஒருவர் சுரூபத்தைத் தொட்டு, இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும். புகை மேலே போனால் சங்கதியும் போனது. ஊதி அணைத்த ஒன்றைப் பிறகு யாராவது வாயில் எடுத்தால், அந்த வூட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில் ஒருவரும் போகக் கூடாது. பிணம் விழுந்தாலும் தூக்க ஆள் வராது.

வழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. முன்னொரு காலத்தில் இரண்டு குடும்பங்கள், உன் தாத்தன் என் தாத்தனை அடித்தான் என்று பேசிப் பேசியே ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்து, கடைசியில் இரண்டு வூட்டிலும் ஆம்பளை இல்லாமல் போனார்களாம். அதற்குப் பிறகு பெரியவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் இது. ஆம்பளைச் சண்டைக்கு நன்றாகவே வேலை செய்தது. புருஷன் பெண்சாதி விஷயத்தில்தான் கோளாறு. ஒவ்வொரு அடியையும் ஊதி அணைத்துவிட்டதால், ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை. பஞ்சாயத்தில் பேசுவது நேற்று விழுந்த அடியைப் பற்றி மட்டும். அக்கா எத்தனையோ திரி ஊதிவிட்டாள். அவள் பக்கத்து ஆள் நான்தான். சுரூபத்தைத் தொட்டு நானும் சொல்லியிருக்கிறேன். அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சை எடுத்ததாகிவிடும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் சிஸ்டர் வந்து சேர்ந்தார். ஸ்பெயின் தேசத்துக்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வந்த புதிதில் அவருக்குத் தெரிந்த தமிழ் 'எங்க வலிக்குது', 'மூச்சு இழு', 'நல்லது' அவ்வளவுதான். பொம்மிடிக்கும் ஊருக்கும் போய்வரும் வழியில் நான் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவர் எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தார். குழியில் விழுந்து ஜீப் எகிறும்போதெல்லாம் பாதிச் சொல் அவர் வாயிலேயே நின்றுவிடும்.

நடக்கிறது, நடந்தது என்பதையெல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் சிஸ்டர் இன்னொரு இறந்தகாலம் இருக்கிறது என்றார். ஒரே ஒரு தரம் நடந்து முடிந்த காரியத்துக்கு ஒரு வடிவம். முன்பெல்லாம் வழக்கமாக நடந்ததற்கும், நடந்துகொண்டே இருந்ததற்கும் வேறு வடிவம். செய்வது சுலபம்தான். பேசு என்பதற்கு அவர்கள் 'ஆப்லார்' என்பார்கள். வாலில் இருக்கிற 'ஆர்' என்பதை வெட்டிவிட்டு 'ஆபா' வைக்க வேண்டும். முன்பெல்லாம் நான் பேசுவேன் என்றாலும் அவன் பேசுவான் என்றாலும் ஆப்லாபா. நீ என்றால் ஆப்லாபாஸ். நாங்கள் என்றால் ஆப்லாபாமோஸ். நீங்களெல்லாம் என்றால் ஆப்லாபைஸ். அவர்கள் என்றால் ஆப்லாபன். 'ஆர்' என்று முடிகிற முறையான வினை எதுவானாலும் இதே வால்தான், மாறாது.

அந்தக் காலத்து ஜீப்பை முன்பக்கத் துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். காலையில் அதைச் சுற்றும்போது இதைச் சொல்லிக்கொண்டே சுற்றுவேன். ஆப்லாபா, ஆப்லாபாஸ், ஆப்லாபா. 'ஆப்லாபாமோஸ்' வரும்போது 'லா' என்ற இடத்தில் அழுத்த வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் ஹேண்டில் திருப்பி உதைக்கும். ஒருநாள் அசந்து கட்டைவிரலைக் கொடுத்துவிட்டேன். நகம் பெயர்ந்து தொங்கியது. சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, "அழுத்தம் சரியா இருந்தது" என்றார்.

பேசுவதை வைத்து எனக்கு இது ஆழமாகப் பதியவில்லை. பதிந்தது வேறொன்றில். ஒரு மத்தியானம் அரூர் சாலையில் டயர் பஞ்சராகி, புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். சிஸ்டர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் ரொட்டிக் கடைக்காரர். அங்கே உள்நாட்டுச் சண்டை நடந்த காலம், இவர் சின்னக் குழந்தை. 'மி பாத்ரே அமசாபா.' என் அப்பா மாவு பிசைந்துகொண்டிருந்தார். அமசாபா என்றால் பிசைந்துகொண்டிருந்தார், அது இன்னும் முடியவில்லை, கை மாவுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது ஆட்கள் வந்தார்கள். வந்தார்கள் என்பதற்கு அந்த இன்னொரு வடிவம், வெட்டுப்போல ஒரே தரம். சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். முழங்கை வரை மாவோடுதான் விழுந்தாராம். அம்மா அந்த மாவைக் கழுவாமலே புதைத்தாளாம்.

"பிசைஞ்சது மட்டும் இன்னும் நிக்கலை" என்றார் சிஸ்டர். பிறகு எழுந்து எனக்கு ஜாக்கியைப் பிடித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். "சிஸ்டர், அடிக்கிறதுக்கு உங்க பாஷையில என்ன?"

"பெகார். ஏன்?"

"நம்ம ஜீப்புக்கு அதுதானே வேணும்."

சிரித்தார். "தமிழ்ல அடிக்கு ஒரே வார்த்தையா?" என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். சாத்தினான், மொத்தினான், வெளுத்தான், பின்னியெடுத்தான், உரிச்சான், நொறுக்கினான், கும்மினான், பூசை போட்டான். "பூசையா?" என்று பதறிவிட்டார். அவருக்குத் தெரிந்த பூசை ஞாயிற்றுக்கிழமைப் பூசை மட்டும். நான் விளக்கியதும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு ஸ்பானிஷில், "இவ்வளவு வார்த்தை வச்சிக்கிட்டு ஏன் இந்தப் பொம்பளைங்க மாடு முட்டுச்சுன்னு சொல்றாங்க?" என்றார். சுரூபத்தைத் தொட்டவன் நான். சாலைக் குழிகளைப் பார்த்து ஓட்டினேன்.

ஆனால் சிஸ்டர் முட்டாள் இல்லை. அடுத்த வாரம் பெண்கள் வார்டில் ஒரு பெண்ணின் கிழிந்த புருவத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். கோயில் பெரியவரின் சம்சாரம் அந்த அம்மா. ஊர்ப் பஞ்சாயத்தை நடத்திவைக்கிறவரே அவர் புருஷன்தான். கதவு இடித்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். சிஸ்டர் ஊசியை நிறுத்தி, என்னைப் பார்க்காமல், தமிழ் பாதி ஸ்பானிஷ் பாதியாகக் கேட்டார்: "கதவு... பெகாபா?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாப்பா கேக்குது சிஸ்டரு?"

"அந்தக் கதவுக்கு இதே பழக்கமா, முன்ன இருந்தே அடிச்சிக்கிட்டு இருந்துச்சான்னு கேக்கறாங்க ஆத்தா. பெகாபான்னா அது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்து வலித்தது. வலியோடு சிரித்தாள். "ஆமாஞ்சாமி, பெகாபா. நல்லா பெகாபா."

அவ்வளவுதான், அந்தச் சொல் வார்டில் குடியேறிவிட்டது. ஊதி அணைத்ததைத் தமிழில்தானே பேசக் கூடாது? ஒருத்தி கட்டுப் பிரிக்க வந்தால் பக்கத்துக் கட்டில்காரி, "என்னாடி, பெகாபாவா?" என்பாள். "அது இல்லாம வேற என்னா? உனக்கு?" "எனக்கு மாமியாக்காரியும் சேந்து. அதுக்கு என்னா சொல்லணும்?" உடனே என்னைக் கூப்பிடுவார்கள். "பெகாபன்" என்று நான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் கொடுப்பேன். சித்தேரி மலையிலிருந்து வந்த பெண்கள்கூட இந்த ஒரு சொல்லோடுதான் திரும்பிப் போனார்கள். ஆம்பளைகள் யாருக்கும் தெரியாது. வார்டுக்குள் ஆம்பளைகளுக்கு அனுமதி இல்லை.

அக்காவும் கட்டுப் போட வருவாள். எல்லோரும் சொல்லும்போது அவள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "நீ சிஸ்டர்கிட்ட ஏதாச்சும் சொல்லி வச்சிடாதடா தம்பி. உங்க மாமா காதுக்குப் போச்சுன்னா அது என்னையத்தான் முடிக்கும்" என்று என்னிடம் கெஞ்சியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பொம்மிடிக்கு மருந்துப் பெட்டி எடுக்கப் போனேன். ரயில் தாமதமாக வந்ததால் அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில்தான் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஊரே நின்றது. பூசை முடிந்து நேராக வந்திருந்தார்கள். ஜீப் வாசலிலேயே நின்றுபோயிற்று. மறுபடி கிளப்பலாம் என்று ஹேண்டிலை முன்னால் செருகினேன். அதற்குள் கோயில் பெரியவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஹேண்டிலை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் அக்கா. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடை உடைந்து, தலையைச் சுற்றி முகவாயோடு சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு கண் மூடியே போயிருந்தது. மூச்சு விடும்போது விலா ஒரு பக்கம் மட்டும் எழுந்தது. உலக்கையால் அடித்திருந்தார். பக்கத்தில் மாமா, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி நின்றிருந்தார். அவர் கையில் புது மெழுகுத்திரி.

சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். கூட்டிப்போகச் சம்மதமா என்று காலையிலிருந்து கேட்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டால் ஊர் வழக்கத்தில் தலையிடக் கூடாது என்பது அவருக்கு மடத்துத் தாயாரின் கட்டளை. "இவங்க ஒரு தடவைன்னு சொல்றாங்க. உங்க அக்காளும் ஒண்ணுன்னு விரலைக் காட்டறா. உண்மையா ஒரே தடவையா? கேட்டுச் சொல்" என்று ஸ்பானிஷில் சொன்னார்.

அக்கா ஒற்றை விரலை மடியில் நீட்டி வைத்திருந்தாள். ஒரு தடவை. ஊரை மீறாத பொம்பளை அவள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டருக்குச் சொல்லுப்பா. நேத்து ஒரு நாள் கோவத்துல கை நீட்டிட்டான். திரி கொண்டாந்திருக்கான். அந்தப் பொண்ணு கோயிலுக்கு வந்து ஊதுனா முடிஞ்சுது. வூட்டுக்குக் கூட்டிப் போயிப் பாத்துக்குவான்."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நல்லா எடுத்துச் சொல்லு மாப்ள. கெணத்துத் தண்ணி குடிச்சா உங்கக்காளுக்கு எல்லாம் செரியாப் பூடும்."

கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. சிஸ்டர் பக்கம் திரும்பி, நேற்று அடித்தான் என்று பெரியவர் சொன்னதை, அந்த ஒரே தர வடிவத்தில், அப்படியே சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சியம்ப்ரே லே பெகாபா" என்றேன். எப்போதும் இவளை அடிப்பான். அறுப்புக் காலத்தில் பெகாபா. கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பெகாபா. மழை பெய்தால் பெகாபா, பெய்யாவிட்டாலும் பெகாபா. வயிற்றில் பிள்ளை இருந்தபோது பெகாபா. காது போனது அதில். பல் போனது அதில். அனுப்பினால் கிணற்றில் போட்டுவிடுவான், சிஸ்டர்.

"இருப்பா" என்றார் பெரியவர். "நான் சொன்னது ஒரு வரி. நீ என்னா பாதி பைபிளு சொல்ற?"

"அந்த பாஷை அப்படிங்க. நீட்டி நீட்டித்தான் வருமுங்க."

"இங்கிலீசு இவ்ளோ நீளம் இல்லையே."

"இது அதுக்கு மூத்ததுங்க."

ஆம்பளைகள் பக்கம் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. வார்டு ஜன்னலில் முகங்களாக நிறைந்திருந்தது. வராந்தா ஓரத்தில் கைக்குழந்தையோடும் ஊன்றுகட்டையோடும் நின்றவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், எல்லோருக்கும் அந்த ஒரு சொல் தெரியும். இத்தனை தரம் நான் சொன்னது அவர்கள் காதில் விழுந்திருந்தது.

சிஸ்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. என்னை விட்டுவிட்டு, நேராகப் பெண்கள் பக்கம் திரும்பி அக்காவைக் காட்டிக் கேட்டார்: "பெகாபா?"

வெயிலில் ஜீப் என்ஜின் ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோயில் பெரியவரின் சம்சாரம், புருவத்தில் தையல் தழும்போடு, தன் புருஷனை நேராகப் பார்த்துக்கொண்டு, "பெகாபா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஜன்னலுக்குள்ளிருந்து ஒருத்தி. சோறு கொண்டுவந்தவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். ஒருத்தியும் அழவில்லை, கத்தவில்லை. ஆஜர் சொல்வதுபோல் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

"என்னாடி பேசறீங்க? என்னா பாஷை இது?" என்று பெரியவர் கத்தினார். எதைப் பிடித்துக் கண்டிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊதியதை யாரும் தமிழில் எடுக்கவில்லையே.

அப்போது அக்கா மடியில் இருந்த ஒற்றை விரலை மடக்கினாள். கட்டுக்குள்ளிருந்து, தாடை அசையாமல், உதடு மட்டும் பிரிந்து, எச்சிலும் ரத்தமும் கோடாக வழிய, "பெ...கா...பா" என்றாள்.

மாமாவுக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. பெண்சாதி தன்னை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்ததே போதும். மெழுகுத்திரியை எறிந்தார். இரண்டு எட்டில் ஜீப்பை அடைந்து, நான் செருகி வைத்திருந்த ஹேண்டிலை உருவினார். "என்னாடா சொல்லிக் குடுத்த?" என்று வந்த முதல் வீச்சு எனக்கு. தோளில் காறை எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த மிளார் ஒடிவதுபோல் எனக்கே கேட்டது. வலி பிறகுதான் வந்தது. கீழே விழுந்து பார்க்கிறேன், இரண்டாவது வீச்சு அக்காவின் தலைக்கு ஓங்கியிருக்கிறது. சிஸ்டர் குறுக்கே கையை நீட்டினார். முழங்கையில் இறங்கியது. வெள்ளை அங்கி சிவப்பாயிற்று. அப்போதும் அவர் நகரவில்லை.

மூன்றாவது வீச்சு ஓங்கியபடியே நின்றது. சோறு கொண்டுவந்தவள் தூக்குவாளியை அவர் மண்டையில் போட்டிருந்தாள். அடுத்து ஊன்றுகட்டை. அடுத்து வார்டுக்குள்ளிருந்து கொண்டுவந்த எனாமல் மலச்சட்டி. ஆம்பளைகள் குறுக்கே வரப் பார்த்தார்கள். பெரியவரின் சம்சாரம் ஒரு விறகுக் கட்டையோடு வராந்தாப் படியில் நின்று, "எவனாச்சும் ஏறுங்கடா பாக்கலாம்" என்றாள். ஒருவரும் ஏறவில்லை. மாமா கீழே கிடந்தார். அவர்கள் நிறுத்தவில்லை. மூக்கு உடைந்தது, காது கிழிந்தது. எத்தனை வூட்டு அடி அங்கே அவர்மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அதில் பாதி அவருக்கு உரியதே இல்லை.

சிஸ்டர்தான் ரத்தம் சொட்டும் கையோடு நடுவில் பாய்ந்து அவரை மூடிக்கொண்டு கத்தினார். "போதும்! செத்துப் போவான்!" அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்கள். அந்தக் கையாலேயே மாமாவின் மண்டையைத் தைத்தார். எனக்குக் கட்டுப் போடும்போது என் காதருகே, "பெகாபாமோஸ்" என்றார். நாம் அடித்துக்கொண்டிருந்தோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதில் தன்னையும் சேர்த்துக்கொண்டார் என்பது எனக்கு வினோதமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கோயிலில் கூடினார்கள். பெண்கள் அடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமா, பெண்கள் என்னை அடித்தார்கள் என்று எப்படி வாயைத் திறந்து சொல்லுவார்? பிராது ஒன்றே ஒன்றுதான்: மச்சினனை ஹேண்டிலால் அடித்தது. மாமா தலைக்கட்டோடு திரி ஏற்றினார். அடிபட்டவன் நான். நான் ஊத வேண்டும். ஊதிவிட்டால் முடிந்தது, அக்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஊதாதவரை ஒரு விதி உண்டு: அடித்தவர் அடிபட்டவரின் வாசலை மிதிக்கக் கூடாது. என் வாசல் ஆஸ்பத்திரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. அக்கா அங்கேதான் படுத்திருந்தாள்.

"ஊதுப்பா" என்றார் பெரியவர். கேட்கும்போது பெண்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"காறை எலும்பு ஒடைஞ்சிருக்குதுங்க. மூச்சு இழுக்க முடியலீங்க."

"லேசா ஊதுனாப் போதும்."

"லேசாக் கூட வரலீங்க."

மாமா திரியின் மேலாக என்னைப் பார்த்தார். வெளிச்சத்தில் அவர் மூக்கு கோணலாகத் தெரிந்தது. "எலும்பு கூடுனதும் ஊதுவ இல்ல, மாப்ள?"

"பாக்கலாங்க மாமா."

திரி தானாக எரிந்தது. பொறுமை இழந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மெழுகு தட்டில் வழிந்து பரவி உறைந்தது. கடைசியில் திரி முனை மெழுகுக் குளத்தில் சாய்ந்து அவிந்தபோது, பெரியவரும் மாமாவும் நானும் மட்டுமே இருந்தோம். தானாக அவிந்த திரி வழக்கத்தில் கணக்கில்லை.

அக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். எழுபதுகள் முழுக்க அங்கே குழம்பு வைத்தாள். மாமா கொஞ்ச நாள் வெளிவாசல் வரை வந்து நின்று பார்ப்பார், வாசலை மிதிக்க மாட்டார். அந்த விஷயத்தில் அவரும் ஊரை மீறாத ஆள்தான். பிறகு குடகு பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார், வரவில்லை. சிஸ்டரும் ஒருநாள் ஊருக்குப் போனார். அவரைப் பொம்மிடியில் ரயிலேற்றிய அன்றைக்கு, கிளம்பும்போது அக்கா கையை அரிசி மாவோடு வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிஸ்டர் அந்தக் கையைக் கழுவ விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

சமையலறைக்குப் புதிதாக வருகிற பெண்கள் அக்காவின் காதைப் பற்றிக் கேட்பார்கள். அவள் மாடு முட்டியது என்று சொன்னதில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே, "பெகாபா" என்பாள். அவர்களும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு எலும்பு எப்போதோ கூடிவிட்டது. மழை வருவதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் வலிக்கும். பெரியவர் சாகும் வரை என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம், "மூச்சு வந்துட்டுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இல்லீங்க என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.